ஜாம் போத்தலுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம்

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள்கள். நான் உயர்தரத்துக்குப் படிச்சுக்கொண்டிருந்தேன். போனில் சார்ஜ் முடிஞ்சுது, மெழுகுதிரி கடையில முடிஞ்சுது. சார்ஜ் லைற் ஒன்று இருந்தது. அதையும் தம்பி பகல் முழுக்க ஏதோ விளையாட்டுக்குப் பாவிச்சு முடிச்சிட்டான். இருட்டுக்குள்ள இருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து அம்மம்மா ஒண்டும் சொல்லேல்ல. எழும்பிப் போய்க் குசினியில் ஏதோ உருட்டினா. கால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு ஜாம் போத்தலோட வந்தா. போத்தலுக்கு அடியில் சின்னதா ஒரு சுவாலை. வேப்பங்கொட்டை அளவு இருக்கும், அவ்வளவுதான்.

நான் உடனே போனை எடுத்தேன் (கடைசி 6 வீதம் சார்ஜ்). நைற் மோட்டில் ஒரு படம். படத்தில் குசினி முழுக்கப் பொன் நிறமா மினுங்குது. அம்மம்மாவின் கை, போத்தலின் கண்ணாடி, பின்னால் கரி பிடிச்ச சுவர், எல்லாம் ஏதோ பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் மாதிரி. அடுத்த நாள் கரண்ட் வந்த நேரம் பார்த்து ஸ்ரோறியில் போட்டேன். "என்ன வடிவு", "வைப்", "எங்க வாங்கினீங்கள்" என்று பதில்கள். கொழும்பில் இருக்கிற ஒரு சிநேகிதி இதைச் செய்து வித்தால் தான் இரண்டு வாங்குவன் என்று எழுதினாள்.

படத்தை அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தா. "இவ்வளவு வெளிச்சம் இதில வராது பிள்ளை" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்திட்டா.

அவ சொன்னது உண்மை. நைற் மோட் என்பது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற ஒரு ஏற்பாடு. அந்த விளக்கின் முழு விசயமே அது தருகிற வெளிச்சம் எவ்வளவு குறைவு என்பதில்தான் இருந்தது. என்ர படம் அதை அழிச்சிட்டுது. மண்ணெண்ணெய் மணமும் படத்தில் வராது. காலமை எழும்பி மூக்கைச் சீறினால் கறுப்பாக வருமே, அதுவும் வராது. அம்மா சொல்லித்தான் எனக்கு அது தெரியும்.

அந்தப் படம் பொய் என்று தெரிஞ்ச பிறகுதான் இந்த விளக்கைப் பற்றி ஒழுங்காகத் தெரிஞ்சுகொள்ள வேணும் என்று தோன்றியது.

1990 யூன் மாதம் போர் திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனது. அதோட பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி, சீமெந்து, உரம் என்று வடக்கே போகக்கூடாத பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் வந்தால் அளவாக வரும், வந்ததுக்கும் யானை விலை. எங்கட அம்மா அந்தக் காலத்தில் சாதாரண தரம் படிச்சவ. நாலு பிள்ளைகள், ஒரு விளக்கு. அரிக்கன் லாம்பு வீட்டில் இருந்ததுதான், ஆனால் அதுக்கு எண்ணெய் ஊத்திக் கட்டுபடியாகாது. அரிக்கன் லாம்பின் திரி இரண்டு விரல் அகலம். அது எண்ணெயைக் குடிக்கிற வேகத்தில் ஒரு கிழமைக்குரியது இரண்டு இரவில் முடிஞ்சுபோகும்.

ஜாம் போத்தல் விளக்கு அந்தக் கணக்கில் இருந்துதான் பிறந்தது. அதை அம்மம்மா எனக்குச் செய்து காட்டின மாதிரியே சொல்லுறன். போத்தலின் அடியில் பஞ்சு. பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், அதுக்கு மேல ஒரு துளி நிற்கக்கூடாது. பழைய சைக்கிள் ரியூப்பில் இருந்து கழற்றின வால்வுக்கட்டை ஒன்று. அது நடுவில் துளையுள்ள சின்ன உலோகக் குழாய்தானே. அதுக்குள்ளால நூல்திரியைக் கோர்த்து, ஒரு நுனி பஞ்சில் தொடுகிற மாதிரி, கம்பி வளையம் ஒன்றால் பிடிச்சு நிமிர்த்தி வைக்கிறது. போத்தல் வாய் திறந்தபடி. கழுத்தைச் சுற்றி இன்னொரு கம்பி, தூக்கிக்கொண்டு போக. பத்த வைக்கிறதுக்கு ஈர்க்கு. நெருப்புப் பெட்டியும் அருமைதான் என்றபடியால் ஒரு வீட்டு அடுப்பில் இருந்து இன்னொரு வீட்டு விளக்கு பத்தும்.

கேட்கும்போது வெறும் ஒட்டுவேலை மாதிரி இருக்கும். கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்கோ. போத்தலே சிமினி, போத்தலே காத்துமறைப்பு. வெளியில முற்றத்துக்குக் கொண்டுபோனாலும் அணையாது. சுவாலை போத்தலுக்குள் ஆழத்தில் இருக்கிறதால சூடான காத்து நடுவால மேல ஏற, புதுக் காத்து ஓரத்தால உள்ள இறங்கும். திரியைக் கூட்டினால் அந்தக் காத்துப் போதாது, புகைச்சுக் கண்ணாடி கறுத்திடும். அதனால திரி சின்னதாகத்தான் இருந்தாக வேணும், சின்னதாக இருந்தால்தான் எண்ணெயும் மிச்சம். வால்வுக்கட்டையின் துளையே திரியின் மொத்தத்தைத் தீர்மானிச்சிடும், ஒருத்தரும் ஆசைப்பட்டுக் கூட்ட ஏலாது. எண்ணெய் பஞ்சுக்குள்ள நிற்கிறதால விளக்குத் தட்டுப்பட்டு விழுந்தாலும் ஊத்துப்படாது.

இதை ஆர் கண்டுபிடிச்சது என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றா அம்மம்மா. பக்கத்து வீட்டில் பார்த்து இவ செய்திருக்கிறா. இவ செய்ததைப் பார்த்து மச்சாள் வீட்டில் செய்திருக்கினம். வால்வுக்கட்டையை ஆர் முதல் வைச்சது, பஞ்சை ஆர் முதல் போட்டது என்று அவவுக்குத் தெரியாது, அது அவவுக்கு ஒரு கேள்வியாகவும் படேல்ல.

விளக்கோட நிற்கேல்ல அந்தக் காலம். சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவில் இருந்து வருகிற மின்சாரத்தில் ரேடியோ. டைனமோ தருகிறது ஆடலோட்ட மின், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதனால இடையில் டயோட் வைச்சுக் கட்டிக் குடுக்கிறது ரேடியோ திருத்துகிற கடைக்காரரின் வேலை. செய்தி நேரத்தில் பெடல் சுத்துறவர் களைச்சால் செய்தியும் களைச்சுப்போகும். பெரியப்பா இதைச் சொல்லும்போது எப்பவும் சிரிப்பார். முக்கியமான இடம் வரும்போதுதான் அவர் கை மாறுவாராம். செத்த பற்றரிகளை வெயிலில் காயவைச்சும், ஆணியால் துளைச்சு உப்புத்தண்ணி விட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உயிர் குடுக்கிறது. மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடினது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது, அதனால ஸ்ராட் பண்ண மட்டும் பெற்றோல் கொஞ்சம், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். பேப்பர்கூட, அச்சடிக்கத் தாள் இல்லாமல், பள்ளிக்கூடக் கொப்பிக்குரிய கோடு போட்ட தாளில் வந்தது. கோட்டுக்கு மேல தலைப்புச் செய்தி!

இதையெல்லாம் நான் சின்ன வயசில் இருந்து கேட்டிருக்கிறேன். கலியாண வீடு, அந்தியேட்டி, எங்க சொந்தம் கூடினாலும் இந்தக் கதைகள் வரும். எனக்கு இவை "அந்தக் காலக் கஷ்டம்" என்ற ஒரு மூட்டைக்குள்தான் கிடந்தன. "வடிவமைப்பு" என்ற சொல்லோட சேர்த்து இவற்றை நான் யோசிச்சதே இல்லை. அந்தச் சொல் எனக்கு வேறு உலகத்துக்குரியது: பின்ரெஸ்ற், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்கள், ஸ்கண்டிநேவியக் கதிரைகள்.

பேராதனைக்கு வந்த முதல் வருசம், நூலகத்தில் வேற ஏதோ தேடப் போய் ஆனந்த குமாரசுவாமியின் "மத்தியகாலச் சிங்களக் கலை" கையில் பட்டது. 1908இல் வந்த புத்தகம். ஆங்கிலேயத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் கொழும்பில் பிறந்த மனிதர், கனிப்பொருள் ஆய்வுக்காக நாடு முழுக்கத் திரிஞ்ச நேரத்தில் கண்டி நாட்டுக் கைவினைஞர்களைப் பார்த்து, அவர்கள் செய்த பாக்குவெட்டியையும் சுண்ணாம்புச் சிமிழையும் பாயையும் கோயில் சித்திரத்துக்குப் பக்கத்தில் ஒரே மரியாதையோட வைச்சு எழுதினார். பலருக்குத் தெரியாத விசயம், அதில் உள்ள படங்களை எடுத்தது அவருடைய அப்போதைய மனைவி எதெல். அந்தப் படங்களில் நைற் மோட் அலங்காரம் ஒன்றும் இல்லை. பொருள் எப்பிடி இருக்குதோ அப்பிடி. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் குமாரசுவாமியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எங்கட விளக்கு தெரியாது. அவருக்கு ஒரு பொருளின் அழகு, தகப்பன் மகனுக்குச் சொல்லிக்குடுத்த பரம்பரை அறிவில் இருந்தது. ஆலையில் செய்த மலிவுச் சாமான்கள் வந்து அந்தக் கைகளைச் சாகடிக்கின்றன என்பதுதான் அவருடைய துயரமே. ஜாம் போத்தல் விளக்கோ முழுக்க ஆலைச் சாமான். போத்தல் ஒரு கொம்பனியினது, வால்வு இன்னொரு கொம்பனியினது. பரம்பரை ஐந்து வருசம்கூட இல்லை. இதுக்கு வேற கண்ணாடி வேணும்.

அது கியூபாவில் இருந்து கிடைச்சது, அதுவும் தற்செயலாக. இரண்டாம் வருசம் ஒரு ஒப்படைக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது எர்னெஸ்டோ ஒரோசா என்ற கியூப வடிவமைப்பாளர் சேகரிச்ச பொருள்களின் படங்கள் கண்ணில் பட்டன. ஒரு மின்விசிறி, அதின் அடிப்பாகம் பழைய தொலைபேசி. கன்ரீனில் சாப்பாடு போடுகிற அலுமினியத் தட்டு, கூரையில் தொலைக்காட்சி அன்ரெனாவாக. சோவியத் உடுப்புத் தோய்க்கும் மெசினின் மோட்டர் வேற ஏதேதோ வேலைக்கு. சைக்கிளில் சின்ன எஞ்சின் பூட்டி ஓடுகிற வாகனம், அதுக்கு "ரிக்கிம்பிலி" என்று பெயர். நான் சிரிச்சேன். பிறகு சிரிப்பு நின்றிட்டுது. பெரியப்பாவின் டைனமோ ரேடியோவை நான் ஸ்பானிய மொழியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோவியத் ஒன்றியம் 1991இல் உடைஞ்ச பிறகு கியூபாவுக்கு எண்ணெயும் உதிரிப்பாகமும் வருவது நின்றுபோனது. அமெரிக்கத் தடை முதலே இருந்தது. அந்த ஆண்டுகளை அவர்கள் "விசேட காலம்" என்று சொல்லுவார்கள். 1992இல் அந்நாட்டு இராணுவத்தின் பதிப்பகமே, சனங்கள் கண்டுபிடிச்ச மாற்று வழிகளைத் திரட்டி "எங்கள் சொந்த முயற்சியால்" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் போட்டது. ஒரோசா பிறகு வீடு வீடாகப் போய் இவற்றைச் சேகரிச்சார், படம் எடுத்தார், "தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை" என்று அதுக்கு ஒரு பெயரும் வைச்சார். அவர் சொல்லுகிற விசயம் எனக்குப் பிடிச்சுது: ஒரு பொருளைச் செய்தவன் "இது விசிறி, இது தொலைபேசி" என்று அதுக்கு ஒரு எல்லை போடுகிறான். தேவை வந்தவன் அந்த எல்லையைக் கணக்கில் எடுக்கிறதில்லை, அவனுக்கு அது மோட்டரும் உலோகமும் பிளாஸ்ரிக்கும்தான். அம்மம்மாவுக்கு ஜாம் போத்தல் கண்ணாடியும் வாயும்தான். வால்வு துளையுள்ள குழாய்தான்.

இன்னொரு நகரம் சரயேவோ. 1992 ஏப்ரல் தொடக்கம் 1996 பெப்ரவரி வரை 1,425 நாள்கள் முற்றுகை. அங்கே ஃபாமா என்ற ஒரு குழு 1993இல், முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, உல்லாசப் பயண வழிகாட்டி மாதிரி ஒரு கையேடு போட்டது. சரயேவோவில் என்ன குடிக்கலாம், எப்படிச் சூடேத்தலாம், எங்கால ஓட வேணும் என்று. கசப்பான பகிடி. தகரப் பேணியில் செய்த அடுப்புகளும், கைக்குக் கிடைச்ச எதையும் வைச்சுச் செய்த விளக்குகளும் அந்த நகரத்தின்ர கதை.

மூன்று இடமும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகள். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. கியூபாவின் கெட்டித்தனத்தை அரசே புத்தகமாக்கினது, ஏனென்றால் அதுக்கு அது வசதி: பாருங்கள் எங்கட சனம் தாக்குப்பிடிக்குது. சரயேவோவில் நகரத்துக் கலைஞர்களே உலகத்துக்குக் காட்டினார்கள், கமராக்களும் வெளிநாட்டுச் செய்தியாளரும் பக்கத்திலேயே நின்றார்கள். யாழ்ப்பாணத்துக்கு அந்தக் காலத்தில் வந்துபோறதே கிளாலியில் இருட்டோட இருட்டாக வள்ளம் ஏறித்தான். எங்கட வீட்டு அல்பத்தில் 1990க்கும் 1996க்கும் இடையில் ஒரு படமும் இல்லை. அம்மாவின் பதினாறு வயசு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டையாக வெட்டின தலைமயிர் என்று மட்டும் சொல்லுவா. நாலு பேர் ஒரு விளக்கைச் சுத்திக் குனிஞ்சு படிக்கும்போது முன்மயிர் பொசுங்குமாம், அதனாலதான் வெட்டினதாம்.

வடிவமைப்பு வரலாற்றில் எளிய பொருள்களுக்கு இடமில்லை என்று சொல்ல ஏலாது. நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2004இல் "எளிய தலைசிறந்த படைப்புகள்" என்று ஒரு கண்காட்சியே வைச்சது. பேப்பர் கிளிப், ஒட்டிக் கிழிக்கிற குறிப்புத் தாள், எம் அண்ட் எம் இனிப்பு எல்லாம் அதில் இருந்தன. நல்ல விசயம்தான். ஆனால் அதில் பெரும்பாலானது ஆயிரக்கணக்கில் ஆலையில் செய்து, கடையில் காசு குடுத்து வாங்குகிற சாமான். காப்புரிமை இருக்கும், செய்தவர் பெயர் இருக்கும். "எல்லாரும்தான்" என்ற பதிலை எழுத அந்த அட்டையில் இடம் இல்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் குதூகலமாகி விட்டிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேணும். ஒப்படையின் முதல் வரைவில் ஜாம் போத்தல் விளக்கை "எம் மக்களின் மாபெரும் வடிவமைப்புச் சாதனை" என்ற மாதிரி எழுதி வைச்சிருந்தேன். அதை விடுதியில் என்ர அறைத்தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அனுராதபுரம் பக்கத்துக் கிராமம், அவளுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம். போத்தல் விளக்கு என்றதும் "குப்பி லாம்புவ?" என்று கேட்டாள். நாங்களும் குப்பி விளக்கு என்றுதான் சொல்லுறது என்றேன். குப்பி இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். பிறகு அவள் சிரிக்கேல்ல. அவளுடைய பெரியம்மாவுக்குக் கழுத்தில் இருந்து தோள்வரை தோல் சுருங்கிப்போய் இருக்குமாம். பதினொரு வயசில், மேசையில் இருந்து குப்பி விளக்கு சரிஞ்சு மடியில் விழுந்ததாம்.

போர் நடக்காத ஊர், பொருளாதாரத் தடை இல்லாத ஊர். அங்கேயும் கரண்ட் கம்பி வரேல்ல. இலங்கை முழுக்க வறிய வீடுகளில் ஏதோ ஒரு வெறும் போத்தல், மூடியில் ஒரு துளை, அதில் ஒரு திரி. எங்கட விளக்கு மாதிரிப் பஞ்சு இல்லை, வயிறு நிறைய மண்ணெண்ணெய். போத்தல் உயரம், அடி ஒடுக்கம். நாயின் வால் பட்டாலே விழும். மூடி இறுக்கமில்லை, விழுந்தால் எண்ணெய் ஊத்துப்பட்டு அதோட நெருப்பும் ஓடும்.

அப்பதான் அவள் சுதீப விளக்கைப் பற்றிச் சொன்னாள். அதைத் தேடிப்போனபோது கிடைச்ச கதை, நான் வாசிச்ச எந்த வடிவமைப்புப் புத்தகத்திலும் உள்ள கதைகளைவிட எனக்குப் பெரிசாகப் பட்டது. விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர். எரிகாயத்தோட வருகிற சனங்களுக்கு வைத்தியம் செய்து செய்து, காயத்துக்கு மருந்து கட்டினால் போதாது, விளக்கை மாத்த வேணும் என்ற இடத்துக்கு வந்தவர். 1992இல் அதைத் தொடங்கினார். அவருக்கு யோசனை குடுத்தது என்ன தெரியுமோ? மார்மைட் போத்தல். கட்டை, குண்டு, பாரம், இலகுவில் விழாது. அதைப் பார்த்து, கட்டையான பாரமான கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைச்சார். இரண்டு பக்கம் தட்டை, விழுந்தாலும் உருளாது. உலோக மூடி திருகிப் பூட்டுவது, கழன்று எண்ணெய் ஊத்துப்படாது. கண்ணாடி மீள்சுழற்சிக் கண்ணாடி, விலை மிகக் குறைவு. 1998இல் இதுக்கு ரோலெக்ஸ் விருது கிடைச்சது. இலட்சக்கணக்கில் செய்து குடுத்திருக்கினம்.

மார்மைட் போத்தலைப் பற்றி ஒரு சின்னத் துண்டு. அந்தக் குண்டு வடிவம் சும்மா வந்ததில்லை. மார்மைட் என்பது பிரெஞ்சில் ஒருவகைச் சமையல் பானைக்குப் பெயர், லேபிளிலும் அந்தப் பானைதான் இருக்கு. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் நேரம் போசாக்கில்லாமல் கிடந்த எங்கட நாட்டுச் சனத்துக்கு அதைத்தான் குடுத்தவை. பிரெஞ்சுப் பானை இங்கிலாந்துப் போத்தலாகி, இலங்கையில் மருந்தாகி, அறுபது வருசத்துக்குப் பிறகு விளக்குமாகினது. எல்லா வீட்டுக் குசினியிலும் பார்க்கிற சாமான்தானே என்று விட்டிருந்தால் இது ஒன்றும் தெரிஞ்சிராது.

திரும்ப விசயத்துக்கு வாறன். ஒரே தீவு, ஒரே ஆண்டுகள், இரண்டு போத்தல் விளக்கு. இரண்டுமே விழுந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் பதில். ஒன்று எண்ணெயைப் பஞ்சுக்குள்ள பிடிச்சு வைக்குது, மற்றது மூடிக்குள்ள பூட்டி வைக்குது. ஒன்றுக்குப் பெயர் இல்லை, மற்றதுக்குச் சுதீப என்று பெயர். அந்த வைத்தியருக்கு விருது கிடைச்சது நூறு வீதம் நியாயம். என்ர கேள்வி அதைப் பற்றியதே இல்லை. கொடகும்புர விளக்கைச் செய்தது, விளக்கே தேவைப்படாத காலம் வரும்வரை சனம் எரியாமல் இருக்கவேணும் என்பதுக்காக. எங்கட விளக்கைச் செய்த சனத்துக்கு அந்தத் தேவையை ஆரோ உண்டாக்கினார்கள். மண்ணெண்ணெயைப் பட்டியலில் போட்டது இயற்கை அனர்த்தம் இல்லை. அந்த விளக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைச்சு "எவ்வளவு கெட்டித்தனம்" என்று மட்டும் எழுதினால், ஏன் அவ்வளவு கெட்டித்தனம் தேவைப்பட்டது என்பது என்ர நைற் மோட் படத்தில் இருட்டுப்போன மாதிரிப் போயிடும். 2009இல் வன்னியில் சனம் கூறைச்சேலைகளையும் வெட்டித் தைச்சு மண்மூட்டை ஆக்கினது. சேலையின் பலத்தையும் நெசவையும் அறிஞ்ச கைகள்தான் அதையும் செய்தன. அதைக் கெட்டித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

அதுக்காகச் சேகரிக்காமல் விடுறதோ? அதுவும் சரியில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த சனங்களிடம் அவர்கள் விட்டுவந்த வீடுகளின் நிலப்படத்தை ஞாபகத்தில் இருந்து கீறச் சொல்லி, அவற்றை வைச்சுச் செய்த புத்தகம் 2011இல் வந்தது. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டுக்குரிய தோம்பு என்ற சொல்லை எடுத்து "முழுமையற்ற தோம்பு" என்று பெயர் வைச்சார். அதில் வீடு மட்டும் இல்லை, வீடு போன விதமும் இருக்குது. கிணறு எந்தப் பக்கம், மாமரம் எந்தப் பக்கம் என்று கீறின கோட்டிலேயே கை நடுங்கின இடம் தெரியும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் அப்படி ஒரு தோம்பு வேணும். படத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் எவ்வளவு, விலை எவ்வளவு, ஆருக்காகப் பத்தினது, எப்ப எறிஞ்சது என்று எழுதின தோம்பு.

எறிஞ்ச கதையும் எங்கட வீட்டில் இருக்குது. 1995 ஒக்ரோபர் 30, வலிகாமமே வெளிக்கிட்ட அந்த இரவு, மழை. அம்மம்மா விளக்கைத் தூக்கேல்ல. "விளக்கு எங்கயும் செய்யலாம்" என்று நினைச்சாவாம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஜாம் போத்தல் தேடினால் கிடைக்கேல்ல. அவ்வளவு சனத்துக்கு ஒரு வெறும் போத்தல் மிஞ்சேல்ல. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ஆனால் குசினித் திட்டில் விளக்கு அப்பிடியே, பஞ்சு காய்ஞ்சபடி இருந்ததாம். பிறகு எப்பவோ கரண்ட் வந்ததும் கழுவி ஊறுகாய் போட்டு வைச்சிட்டா. 2022இல் அவ குசினியில் உருட்டித் தேடினது வேற போத்தல்.

ஒப்படையைத் திருப்பி எழுதினேன். "மாபெரும் சாதனை" போய்விட்டது. புள்ளி சுமாராகத்தான் வந்தது, மேற்கோள்கள் போதாதாம். அம்மம்மாவை எப்படி அடிக்குறிப்பில் போடுறது என்று எனக்கு இன்னும் விளங்கேல்ல.

போன விடுமுறைக்கு அறைத்தோழி எங்கட வீட்டுக்கு வந்தாள். வரும்போது அவளுடைய வீட்டில் கிடந்த சுதீப விளக்கு ஒன்றைப் பேப்பரில் சுத்திக் கொண்டு வந்திருந்தாள். மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சோம். இந்த முறை நைற் மோட்டை நிப்பாட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில், அடிமட்டம் ஒன்றையும் பக்கத்தில் வைச்சுப் படம் எடுத்தேன். அம்மம்மா தேத்தண்ணியோட வந்தவ, சுதீபவைக் கையில் எடுத்தா. பாரத்தைப் பார்த்தா, மேசையில் சரிச்சுப் பார்த்தா, மூடியைத் திருகிப் பார்த்தா. "நல்ல சாமான், விழாது" என்றா. பிறகு திரியை விரலால் தொட்டு அதன் மொத்தத்தைப் பார்த்தா.

"எண்ணெய் குடிக்கும்" என்று சொல்லி வைச்சிட்டா.